தீட்டாவைத் தேர்ந்தெடுப்பது யார்?

புள்ளியியலில் நாங்கள் தேடுகிற, கண்ணுக்குத் தெரியாத எண்ணுக்கு ஒரு கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள்: தீட்டா. ஒரு மாவட்டத்தின் சராசரிக் கூலி, ஒரு மருந்து குணப்படுத்தும் விகிதம், ஒரு கட்சியின் வாக்குப் பங்கு என எதுவானாலும் அது தீட்டாதான். அதை யாரும் நேரில் பார்த்ததில்லை. கையில் இருக்கும் கொஞ்சம் தரவை வைத்து அதை எப்படி ஊகிப்பது, அந்த ஊகம் எவ்வளவு தவறலாம் என்று சொல்வதுதான் மதிப்பீட்டுக் கோட்பாடு. என் முனைவர் பட்ட ஆய்வு அதில்தான்.

துடியலூரில் எங்கள் வீடு ஒரே அறை. தேர்வு வந்தால் சத்தம் போட்டுப் படிப்பேன். "தீட்டா மாறாதது, தீட்டா தெரியாதது" என்று ஓர் இரவு நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, பவுண்டரியில் கோர் அடித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்த அம்மா கேட்டார்: "எது சாமி தீட்டா? இன்னுமா அதையெல்லாம் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பத்து வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன். சொல்லித்தான் தருகிறார்கள் அம்மா.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் பன்மாறிப் பகுப்பாய்வு என்றொரு தாள். அதற்கு ஆண்டர்சன் எழுதிய புத்தகம். 1958-இல் வந்தது, உலகம் முழுக்க மாணவர்கள் படித்தது, இன்றும் படிப்பது. ஒரு மனிதரின் உடல் அளவுகள் தெரிந்தால் அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று எப்படி முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு அந்த நூலில் ஒரு செய்முறைக் கணக்கு இருக்கிறது. குழுக்கள் மூன்று: பார்ப்பனர், கைவினைஞர், கொர்வா. அளவுகள் நான்கு: உயரம், உட்கார்ந்த நிலையில் உயரம், மூக்கின் ஆழம், மூக்கின் உயரம். முன்பின் தெரியாத ஒரு ஆள் வருகிறான்; அளந்து பார்த்து அவன் சாதியைச் சொல். இதுதான் கணக்கு. நம் ஊரில் இதே வேலையை ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பன் பெயர் கேட்டு முடித்துவிடுவார்கள். அங்கே அணிக்கோவை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

பாடம் நடத்தியவர் கரும்பலகையில் மூன்று சராசரிகளையும் எழுதினார். உயரம் மட்டும் சொல்கிறேன்: 164.51, 160.53, 158.17 சென்டிமீட்டர். வகுப்பில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் இருந்தவன் என் மூக்கை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஆசிரியர் சொன்னார், "கணக்கைப் பாருங்க, எண்ணுக்குச் சாதி கிடையாது." அவர் எழுதிய அட்டவணையின் தலைப்பிலேயே சாதி இருந்தது.

கொர்வா ஒரு சாதியே இல்லை, பழங்குடி. அதுகூட அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அந்த ஆறு சென்டிமீட்டர். ஒரு மனிதன் எவ்வளவு வளர்வான் என்பதில் பெற்றோரின் உயரத்துக்குப் பங்குண்டு. குழந்தைப் பருவத்தில் வயிற்றுக்கு என்ன கிடைத்தது, எத்தனை முறை நோயில் விழுந்தான் என்பதற்கும் பங்குண்டு. தலைமுறை தலைமுறையாக நிலம் யாரிடம் இருந்தது, கூழ் யாருக்கு வாய்த்தது என்ற வரலாறு எலும்பில் எழுதப்பட்டிருக்க, அந்த எலும்பை அளந்து "இது சாதியின் அடையாளம்" என்று வாசித்தார்கள். சோற்றுக் கணக்கு பிறப்புக் கணக்காக மாறியது. சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் சூத்திரம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் போனேன். சி. ஆர். ராவ் 1948-இல் எழுதிய கட்டுரையிலிருந்து. அதற்குப் பின்னால் 1941-இல் ஐக்கிய மாகாணத்தில் நடந்த உடலளவுக் கணக்கெடுப்பு. அதற்கும் பின்னால் மகலனோபிஸ். இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று படிக்கிறோமே, அவர் இந்தத் துறைக்குள் நுழைந்த வாசல் எது தெரியுமா? கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகள். 1920-இல் நாக்பூர் அறிவியல் மாநாட்டில் அன்னண்டேல் என்பவர் அந்த அளவுகளைப் பகுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். அவர்கள் எந்தச் சாதிக்கு எவ்வளவு அருகில் என்று கண்டுபிடிக்க, இரண்டு மனிதக் கூட்டங்களுக்கு நடுவே உள்ள "தூரத்தை" அளக்கும் சூத்திரம் வேண்டியிருந்தது. அது வளர்ந்து 1936-இல் மகலனோபிஸ் தூரம் ஆனது. இன்று வங்கியில் மோசடிப் பரிவர்த்தனையைக் கண்டுபிடிக்கவும், தொழிற்சாலையில் பழுதான உதிரிப் பாகத்தைப் பிரிக்கவும் அதே சூத்திரம். அது பிறந்தது சாதிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்க. இந்த நாட்டில் தூரம் என்ற சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருந்திருக்க முடியும்?

ஒப்பிடுவதற்கான சாதி அளவுகளை மகலனோபிஸ் ரிஸ்லியிடமிருந்து எடுத்தார். ரிஸ்லியைப் பற்றி இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. மூக்கு அகலமாக அகலமாகச் சாதி கீழே போகும் என்று சொன்ன காலனிய அதிகாரி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். நம் பக்கத்துக்கு அதே வேலையைச் செய்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிஸ்லியின் தரவில் பிழைகள் மலிந்திருப்பதை 1933-இல் அலசி எழுதியவரும் மகலனோபிஸ்தான். வங்கப் பார்ப்பனர்கள் வெளிமாகாணப் பார்ப்பனர்களைவிட வங்கத்தின் மற்றச் சாதிகளுக்கே நெருக்கமானவர்கள் என்பது அவர் கணக்கில் வந்த விடை. ஆக, அவரது கருவியே ரிஸ்லியின் இனக் கதையை இடித்தது. அந்த விடையை வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சூத்திரத்தை மட்டும் சொன்னார்கள்.

மூக்குத் தரவோடு ராவ் கட்டுரை எழுதிய அதே 1948-இல் இன்னொருவரும் மூக்கு அளவுகளோடு உட்கார்ந்திருந்தார். 'தீண்டப்படாதவர்கள் யார்?' என்று கேட்டு வந்த நூலில் அம்பேத்கர், தீண்டாமைக்கு இன வேறுபாடே காரணம் என்ற வாதத்தை எடுத்து, குர்யே கொடுத்திருந்த அளவுகளை மாகாணம் மாகாணமாக வைத்துப் பார்க்கிறார். இந்த அளவுகளை அறிவியல் என்று நீங்கள் நம்புவதானால், பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முடிக்கிறார். எதிரியின் தரவை வாங்கி, எதிரியின் விதிப்படியே அவனைத் தோற்கடிப்பது. புள்ளியியல் துறையில் இதைப் பாடமாக வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

மேற்கில் கதை இன்னும் வெளிப்படையானது. கார்ல் பியர்சன் லண்டனில் இனமேம்பாட்டியல் பேராசிரியர். 1933-இல் அந்த இருக்கையில் அமர்ந்த ரொனால்ட் பிஷர்தான் நாங்கள் படிக்கும் மதிப்பீட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர். 2020-இல் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியே அவர் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலை எடுத்துவிட்டது. அங்கே அந்தப் பேச்சாவது நடந்தது.

இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரே மக்கள் கூட்டம் பல பெயர்களில் குழம்பிப் பதிவாகும்போது அதன் உண்மையான அளவை எப்படி மதிப்பிடுவது என்பது என் ஆய்வுத் திட்டத்தில் ஓர் இயல். உதாரணத்துக்கு அருந்ததியர் மக்கள்தொகையை எடுத்திருந்தேன். ஆய்வுக் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது சோசியாலஜிங்க. நீங்க தியரி பண்ணுங்க. உதாரணம் வேணும்னா ஐரிஸ் டேட்டா இருக்கு, எந்தப் பிரச்சினையும் வராது." ஐரிஸ் என்பது பூ. 150 பூக்களின் இதழ் அளவுகள். புள்ளியியல் படித்த எல்லோரும் ஒரு முறையாவது தொட்ட தரவு. பிஷர் அதை 1936-இல் எந்த இதழில் வெளியிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இதழின் பெயர் 'இனமேம்பாட்டியல் ஆண்டேடு'. பிரச்சினையில்லாத பூ அங்கேதான் பூத்தது.

அதே பிஷர் 1922-இல் எழுதிய அடித்தளக் கட்டுரையில் புள்ளியியலின் வேலையை மூன்றாகப் பிரித்தார். எந்தத் தொகுதி, எந்த மாதிரி, எது தீட்டா என்று வரையறுப்பது ஒன்று. அதைத் தரவிலிருந்து மதிப்பிடுவது இரண்டு. அந்த மதிப்பீடு எப்படிச் சிதறும் என்று கணக்கிடுவது மூன்று. பின்னிரண்டுக்கும் அவர் கட்டிய கோட்பாடு மலைக்க வைப்பது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. முதலாவதை மட்டும், அது களத்தில் வேலை செய்கிறவர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று விட்டுவிட்டார். நூறு வருடமாக நாங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் படிக்கிறோம். "தீட்டா என்று ஒன்று இருக்கட்டும்" என்றுதான் ஒவ்வொரு தேற்றமும் தொடங்கும். இருக்கட்டும் என்று சொன்னது யார்? அந்த முதல் வரியை எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

களத்தில் அது எப்படி நடக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். எம்.எஸ்சி. முடித்த வருடம் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்றுக்குத் தினக்கூலிக்குப் போனேன். துடியலூருக்கு வடக்கே ஒரு கிராமம். எந்தெந்த வீடு என்று பட்டியல் கையில் இருந்தது. அதில் ஏழு வீடுகள் வளவில். மேற்பார்வையாளர் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பக்கம் ஏழு வூடுதான் வருது. அதுக்குப் பதிலா இங்கயே ஏழு வூடு சேத்தி எழுதிக்கோ." நான் யாரென்று அவருக்குத் தெரியாது. படிவத்தில் ஏழு வீடு குறையவில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்த ஊரின் சராசரிச் செலவு மட்டும் உயர்ந்துவிட்டது. நான் எழுதித்தான் கொடுத்தேன். கூலி வேண்டியிருந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கூறெடுப்புக் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. ஆனால் அது ஒரே பானையாக இருக்க வேண்டும், கிளறிவிட்டிருக்க வேண்டும். ஊர் ஒரு பானை, வளவு ஒரு பானை என்று தனித்தனியே உலை வைத்த நாட்டில், ஊர்ப் பானையில் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு வளவும் வெந்துவிட்டது என்கிறார்கள். மக்களை அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தனியே எடுக்க வேண்டும் என்று நெய்மன் 1934-இலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். கணக்கு ஏட்டில் இருக்கிறது. கணக்கெடுக்கப் போனவரின் வண்டி ஊர் எல்லையில் நின்றுவிடுகிறது.

இதில் இளம் தோழர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 500 வீட்டுக்குப் பதில் 5000 வீடு எடுத்தால் இந்தத் தவறு சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வீடுகள் கூடக் கூடத் தற்செயலான சிதறல்தான் குறையும். ஒரு பக்கமாகச் சாய்ந்த தவறு சாய்ந்தபடியே நிற்கும். சிதறல் குறைந்ததால் முடிவு துல்லியமாகத் தெரியும், அமைச்சர் அதைத் தசமப் புள்ளியோடு வாசிப்பார். பொய்யின் மேல் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

இப்போது நாட்டின் பெரிய கணக்குக்கு வருவோம். 1931-க்குப் பிறகு அனைத்துச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. 1951 முதல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டும் பெயர் பெயராக எண்ணுகிறார்கள். மற்றவர்கள் மற்றவர்கள்தான். அரசின் ஏட்டில் சாதி இருப்பது எங்களுக்கு மட்டும். ஆதிக்க சாதிக்குச் சாதி இல்லை. அது வெறும் மனிதர்கள், வெறும் "பொது". மூக்கை அளந்தபோது பார்ப்பனர் என்ற பத்தி அட்டவணையில் முதல் பத்தியாக இருந்தது. நிலத்தையும் பட்டத்தையும் நீதிபதி நாற்காலியையும் அளக்கலாம் என்றதும் அந்தப் பத்தி காணாமல் போய்விட்டது. சாதியைக் கணக்கெடுத்தால் சாதி வளரும் என்று அப்போதுதான் ஞானோதயம் வந்தது.

சி. ஆர். ராவின் பெயர் உலகத்துக்குத் தெரியக் காரணம் அவர் மூக்குக் கட்டுரை இல்லை, 1945-இல் எழுதிய இன்னொன்று. கல்கத்தாவில் அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னாளில் இந்திய வறுமையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற தாண்டேகர், அப்போது மாணவர், ஒரு கேள்வி கேட்டார். முடிவிலாத் தரவுக்குப் பிஷர் சொன்னது சிறிய தரவுக்கும் பொருந்துமா? ராவ் அன்றிரவே உட்கார்ந்து நிறுவினார் என்பார்கள். கிராமர்-ராவ் எல்லை என்று அதற்குப் பெயர். சாரம் இதுதான்: தரவுக்குள் எவ்வளவு தகவல் இருக்கிறதோ அதுதான் வரம்பு. எந்த மேதையின் எந்த முறையும், ஒரு பக்கம் சாயாமல் மதிப்பிடுவதாக இருந்தால், அந்த வரம்பைத் தாண்டித் துல்லியம் காட்ட முடியாது. தகவல் பூச்சியத்தை நெருங்கினால் பிழையின் எல்லை முடிவிலியை நெருங்கும். எனக்கு இந்தத் தேற்றம் மிகவும் பிடிக்கும். இருபத்து நான்கு வயதுக்காரர் ஒருவர், இல்லாத தகவலை யாரும் உருவாக்க முடியாது என்று ஆட்சியாளர்களுக்கும் சேர்த்து எழுதிவைத்த வரி அது. கேட்காத கேள்விக்கான விடையை எந்தக் கணினியும் கறந்து தராது.

தகவலை மறுத்தவர்களே பிறகு தகவல் கேட்கிறார்கள் என்பதுதான் கொடுமை. 1980-இல் மண்டல் ஆணையம் பிற்படுத்தப்பட்டோர் 52 விழுக்காடு என்று சொல்ல, அரை நூற்றாண்டுப் பழைய 1931 கணக்கை நீட்டித்தான் மதிப்பிட வேண்டியிருந்தது. வேறு வழி வைக்கவில்லை. உடனே "52-க்கு ஆதாரம் என்ன?" என்றார்கள். 2006-இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதியினருக்குப் பதவி உயர்வில் ஒதுக்கீடு வேண்டுமென்றால் அளவிடத்தக்க தரவு கொண்டுவா என்றது. வன்னியர்களுக்கான 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் விழுந்தது. காரணங்களில் ஒன்று, தரவு பழையது. அந்த ஒதுக்கீட்டின் அரசியலில் எனக்கும் கேள்விகள் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் புதிய தரவை எண்ணித் தர வேண்டியது யார்? 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்துவிட்டன, பயன்படுத்த முடியாது என்று 2021-இல் ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் சொன்னது. ஒரே சாதி ஊருக்கு ஊர் வேறு எழுத்துக்கூட்டலில், குலப் பெயரோடும் பட்டப் பெயரோடும் பதிவாகியிருக்கும். இதைத் தொகுத்துச் சீராக்குவது எங்கள் துறையின் அன்றாட வேலை. கோடிக்கணக்கான ஆதார் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு இது மட்டும் முடியாமல் போயிற்று.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2019 ஜனவரி 8 அன்று மக்களவை, மறுநாள் மாநிலங்களவை; முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு நிறைவேறியது. அந்த 10-க்கு உரிய சாதிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று 1931-க்குப் பிறகு அனைத்திந்திய அளவில் யாரும் எண்ணி வெளியிட்டதில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று ஏற்றுக்கொண்டது. எங்களிடம் கேட்ட அளவிடத்தக்க தரவு அங்கே என்ன ஆயிற்று? ஒரே சோதனை, இரண்டு வரம்புகள்.

எண்ணப்படுகிற எங்கள் கணக்காவது சரியா என்றால், அதுவும் இல்லை. 2009 சட்டம் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அதற்கு அடிப்படையான உள்வகைப்பாட்டை உறுதி செய்தது. அந்தச் சட்டத்தில் நாங்கள் ஏழு பெயர்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர். எங்கள் அவ்வா பெற்ற பிள்ளைகளையே பாருங்கள். பெரிய மாமா சான்றிதழில் சக்கிலியன். அம்மா மாதாரி. சின்ன மாமாவைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் கேட்காமலே ஆதி திராவிடர் என்று எழுதிவிட்டார். ஒரே வயிறு, மூன்று பத்தி. 2009-க்குப் பிறகு சின்ன மாமா தன் மகளுக்கு உள்ஒதுக்கீடு கேட்டு, வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், அண்ணன் சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லி அலுவலகம் அலுவலகமாக நடந்தார். சான்றிதழ் திருந்தி வந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. அவள் இப்போது ஒரு மில்லில் ஷிப்ட் பார்க்கிறாள். எழுத்துப் பிழையின் விலை ஒரு பட்டப்படிப்பு. என் ஆய்வுத் திட்டத்தில் சோசியாலஜி என்று தள்ளப்பட்ட இயல் இதுதான்.

"இந்தக் கணிதமே ஆதிக்கத்தின் கணிதம், நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூக்கை அளந்த கருவி என்பதற்காக அம்பேத்கர் அதைத் தூக்கி எறியவில்லை. ராவின் எல்லையும் நெய்மனின் அடுக்குகளும் எனக்கும் சொந்தம். பவுண்டரியில் கரி படிந்த கை சம்பாதித்துக் கட்டிய கட்டணத்தில் கற்றவை.

2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவைக் குழு அடுத்த கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக அறிவித்தது. 2027 மார்ச் 1 நிலவரப்படி எண்ணப் போகிறார்கள். சேர்ப்பது போதாது. வீட்டுக்காரர் சொன்ன பெயர் சொன்னபடி பதிவாக வேண்டும். ஏழு பெயரும் ஒரே மக்கள் என்பது தொகுப்பவரின் பட்டியலில் முன்கூட்டியே இருக்க வேண்டும். "பொது" என்ற பத்தியை உடைத்து அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சாதியின் பெயரையும், அதன் நிலத்தோடும் படிப்போடும் வேலையோடும் சேர்த்து அச்சிட வேண்டும். அதுவரை எங்களைப் பார்த்துத் தரவு எங்கே என்று கேட்க எந்த மன்றத்துக்கும் யோக்கியதை இல்லை.

தள்ளப்பட்ட இயலை வேறு தலைப்பில் திரும்ப எழுதி இந்த மாதம் குழுவுக்குக் கொடுத்திருக்கிறேன். உதாரணம் அதேதான். பூவை எடுத்துவிட்டேன்.